வெளிநாட்டுக் காசுக்கு வரி கட்டியவள்

இல்லை, அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ரசூல் பாய் வீட்டு வாசலில் நின்று இதைச் சொல்லியாகிவிட்டது. கறிக்கடையில் சொல்லியாகிவிட்டது. போன மாசம் ஒரு நிக்காஹ் விருந்தில், எலும்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்து இலைக்காரிக்கும் சொல்லியாகிவிட்டது. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. மறுநாளே வேறொருத்தி வந்து, "ஏன் பெரியம்மா, உங்க பேத்திதான் இன்கம்டாக்ஸ்காரங்களைத் தெருவுக்குள்ள இழுத்து விட்டுச்சாமே" என்கிறாள். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல அனுபமா எழுதுகிறாள். என் பேத்தியோடு படித்தவள், ஸ்ரீரங்கத்துப் பெண். நடுவில் குறுக்கே பேசமாட்டாள்.

ரசூல் பாய் குவைத்தில் இருந்தவர். திரும்பி வந்து வருஷக்கணக்காகிறது. பேங்கில் மட்டும் இன்னும் குவைத்தில் இருக்கிற மாதிரியே கணக்கு வைத்திருந்தார். பக்ரீத் முடிந்த பிறகு பேங்கிலிருந்து கூப்பிட்டு, நீங்கள் இங்கேயே இருக்கிறீர்களே, இது இன்னும் ஏன் வெளிநாட்டில் இருப்பவர் கணக்காக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். என் பேத்தி தஹ்ஸீன் அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டியது அதற்குக் கொஞ்சம் முன்னால். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது தெரு. அவள் காட்டியது அவளுடைய கணக்கை. ரசூல் பாய் பெயரை அவள் ஏன் அங்கே சொல்லப் போகிறாள்? அவர் பெயர் அவளுக்கு முழுசாகத் தெரியுமோ என்னவோ.

தஹ்ஸீன் என் மகள் ஹாஜிராவின் ஒரே பிள்ளை. மருமகன் மௌத்தானதும் கைக்குழந்தையோடு ஹாஜிரா அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் என்றால் என் மகன் நஜிமுதீன். பாலக்கரையில் அவன் கட்டிய வீட்டில்தான் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். சவூதியில், ஜுபைலில் பாதி ஆயுசைப் போட்டுக் கட்டிய வீடு அது. தங்கச்சிக்கும் அவள் பிள்ளைக்கும் போட்ட சோற்றை அவன் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதையும் எழுது அனுபமா. அவனைக் கெட்டவனாக்குவதற்காக நான் இதைச் சொல்லவில்லை.

பிள்ளைக்குச் சின்ன வயசிலிருந்தே கை ஓரிடத்தில் நிற்காது. பெருநாளைக்கு முந்தின நாள் அவளிடம் மருதாணி போட்டுக்கொள்ள எங்கள் மாடிப்படி முழுக்கப் பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். நஜிமுதீனின் மகன் ஆரிஃப் ஷார்ஜாவில் இருக்கிறான். அவன் ஒரு பழைய லேப்டாப்பைக் கொடுத்தனுப்பினான். அதில்தான் ஆரம்பித்தது. போர்வை, திரைச்சீலை, சோபாத் துணி இதிலெல்லாம் பூவும் கொடியுமாக வருகிறதே, அதை யாரோ ஒருத்தர் வரைகிறார்கள் என்று எனக்கு அதுவரை தோன்றினதே இல்லை. இவள் வரைகிறாள். ஒரு பூவை வரைந்து அதையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனால், எங்கே ஒட்டியது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாதாம். அது வராமல் மூன்று நாள், நான்கு நாள் ஒரே பூவோடு மல்லுக்கு நிற்பாள். கனடாவில் ஒரு அம்மா அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வேலை கொடுக்க ஆரம்பித்தாள்.

பகலில் காலேஜ். வந்து சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனால், கனடாக்காரி தூங்கி எழுந்து பதில் போடுகிற வரை உட்கார்ந்திருப்பாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. பரீட்சை வந்தால் புத்தகம் மடியில், பூ கம்ப்யூட்டரில். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அந்த அம்மாவோடு இங்கிலீஷில் பேசுவாள். அதைக் கேட்டுவிட்டு, பையனோடு பேசுகிறாள் என்று எதிர்வீட்டில் ஒரு பேச்சு. அதற்கும் நான்தான் போய்ப் பதில் சொன்னேன். பேத்தி உழைக்கிறாள், நான் பதில் சொல்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் அசதி ஒன்றுதான்.

காசு அவள் பேங்க் கணக்குக்கு வரத் தொடங்கியபோது, வரி உண்டா மாமு என்று நஜிமுதீனைத்தான் கேட்டாள். வேறு யாரைக் கேட்பாள்?

"வெளிநாட்டுக் காசுக்கு ஏதும்மா வரி? நான் கட்டினேனா? ஆரிஃப் கட்டுறானா?" என்றான் அவன்.

எங்கள் தெருவில் எந்த வீட்டில் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். வீட்டுக்கு ஒருத்தர் துபாய், சவூதி, குவைத் என்று போய்ச் சம்பாதித்து அனுப்பிய தெரு இது. கடல் தாண்டி வந்த காசை அரசாங்கம் தொடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளும் சரி என்று விட்டுவிட்டாள். ஒரு வருஷம் அப்படியே போனது. அந்த வருஷம்தான் ஒரு பெரிய ஹோட்டலுக்குத் திரைச்சீலை, மெத்தை விரிப்பு எல்லாவற்றுக்கும் வரைகிற வேலை வந்தது.

அடுத்த வருஷம், காலேஜில் பேச்சுவாக்கில் அனுபமா கேட்டிருக்கிறாள், கணக்குக் காட்டிவிட்டாயா என்று. இவள் மாமு சொன்னதைச் சொன்னாள். எதற்கும் என் பெரியப்பாவை ஒரு தடவை கேட்டுவிடேன் என்றாளாம் அனுபமா. அவளுடைய பெரியப்பா ரெங்கராஜ், ஸ்ரீரங்கத்தில் ஆடிட்டர். பாலக்கரை ஆடிட்டர்களிடம் போனால், நாம் வீடு வந்து சேருவதற்குள் சேதி மாமுவிடம் வந்துவிடும். அதனால் ஒரு சனிக்கிழமை அவளும் நானும் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம். இவள் ஸ்ரீரங்கத்தில் ஏதோ ஒரு வீட்டு மாடிக்குப் போய் வருகிறாள் என்று கிளப்பிவிட்டார்களே, அந்த மாடி இந்த மாடிதான். ஏறுகிறபோது முழங்கால் வலியில் நான் யா அல்லாஹ், யா அல்லாஹ் என்றது தெரு முனை வரை கேட்டிருக்கும்.

அந்த மனுஷர் எனக்கு நாற்காலி போட்டார். மோர் கொடுத்தார். பிறகு பேத்தியைப் பார்த்து, "பணம் எந்த ஊர்லேர்ந்து வர்றதுங்கறது இருக்கட்டும். நீ எங்கே உக்காந்து வேலை பார்த்தே?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு மாடில சார்."

"அப்போ அது இந்த ஊர் வருமானம்மா."

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தெருவில் இத்தனை வீடு இருக்கிறதே, இத்தனை வருஷம் யாராவது கட்டினார்களா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அவாள்லாம் அங்கே போய் உழைச்சா பாட்டி. காசு மட்டும் இங்கே வந்தது. இவ இங்கேயே உக்காந்துண்டு உழைக்கறா. காசு எங்கேர்ந்து வந்தா என்ன?"

ஆனாலும் மனசு ஒப்பவில்லை என்று சொன்னேன். இப்போதும் முழுசாக ஒப்பவில்லை. கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைகிறது அவள், கரண்ட் பில் கட்டுகிறது நஜிமுதீன். அரசாங்கம் ஒரு பென்சில் வாங்கித் தந்ததா?

கணக்கைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை. வரம்பை உயர்த்திவிட்டதால் இந்த வருஷத்துக்குக் கட்ட வேண்டியது எதுவும் இல்லை, காட்டினால் போதும். அந்த ஹோட்டல் வேலை வந்த வருஷத்துக்குத்தான் வரி, அதோடு தாமதத்துக்காக மேற்கொண்டு கொஞ்சம். அவள் கையிலிருந்ததே போதும். அப்பாடா என்று எழுந்திருக்கப் போனேன். அப்போது அவர், "தொழில்னு என்னம்மா போடட்டும்?" என்று கேட்டார்.

வீட்டில் யாராவது விசாரித்தால், கம்ப்யூட்டரில் என்னவோ பண்ணுகிறது என்போம். நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "டிசைனர் சார். துணி டிசைனர்" என்றாள். திரும்பி வரும்போது காவேரிப் பாலத்தில் பஸ் வெகுநேரம் நின்றது. ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு வேண்டியது அந்தத் தொழில் பெயர்தான் என்று எனக்கு அப்போது புரிந்துபோயிற்று. வீட்டில் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும்தான்.

அவள் ஒளிக்கவில்லை. அன்றைக்கே நஜிமுதீனிடம் சொன்னாள். அவன் முகம் இருண்டுவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது. ரசூல் பாய் வைத்திருந்தாரே, அந்த மாதிரி ஒரு பழைய கணக்கு இவனுக்கும் உண்டு. கள்ளக் காசு இல்லை, வேர்வைக் காசு. ஆனால் திரும்பி வந்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு தெரிந்தபோது, எடுத்தால் கேள்வி வருமோ என்று விட்டுவிட்டான். இந்த வீட்டிலிருந்து ஒருத்தி வரி ஆபீசுக்குத் தன் பெயரைக் கொடுத்தால், அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடுவார்கள் என்று பயந்தான். மாமு கணக்கு வேறு, உன் கணக்கு வேறு என்று ஆடிட்டர் சொன்னதை அவள் எடுத்துச் சொன்னாள். பயந்தவன் காதில் அது ஏறுமா?

அவன் ஒரு வழி சொன்னான். "அந்தக் கனடா அம்மாகிட்ட, காசை ஷார்ஜாவுக்கு அனுப்பச் சொல்லு. ஆரிஃப் கணக்குல விழட்டும். அவன் வீட்டுக்கு அனுப்புறதோட சேத்து அனுப்பிடுவான். ஒரு கேள்வி வராது."

"அப்ப அது யாரு சம்பாத்தியம் மாமு?"

"வீட்டுச் சம்பாத்தியம்."

"யாரு பேர்ல இருக்கும்?"

"பேர் என்னத்துக்கு உனக்கு? பேரைப் பாத்தா சோறு வேகுது?"

ஹாஜிரா சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. அண்ணன் நிழலில் இருப்பவள், அவள் என்ன பேசுவாள்? நான்தான் மறுநாள் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, மாமு சொல்கிறபடி கேட்டுவிடேன் தங்கம், தினம் ஒரு சண்டை எனக்குத் தாங்காது என்றேன். அவளும் சண்டை போட்டுக் களைத்துத்தான் இருந்தாள். சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்:

"காசு வேணும்னா எல்லாத்தையும் எடுத்துக்கட்டும் நன்னி. ஆனா அந்தப் பூவெல்லாம் ஆரிஃப் மச்சான் சம்பாத்தியம்னு ஆயிட்டா, எனக்கு அடுத்த பூ வராது."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. நானும் பிடிவாதக்காரிதான், அவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாதா?

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு நின்றது. அவன் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் வருவாள். இப்படியே சில வாரம். கடைசியில் அவனே இறங்கி வந்தான். ஒரு நாள் மத்தியானம், அவள் காலேஜிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது கூப்பிட்டான்.

"சரி, உன் பேர்லயே காட்டு. கட்ட வேண்டியதைக் கட்டு. ஆனா என் வீட்டு விலாசம் அதுல ஏறக் கூடாது."

அவள் செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "சரி மாமு" என்றாள்.

அவன் ஆசுவாசப்பட்டான். விலாசம் இல்லாமல் எப்படிக் காட்டுவாள், ஆறப்போட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டிருப்பான். சாயங்காலம் எல்லோருக்கும் பரோட்டா வாங்கி வந்தான், அவளுக்குப் பிடித்த சால்னாவோடு. அவளும் சாப்பிட்டாள், சிரித்துக்கூடப் பேசினாள். பிரச்சினை தீர்ந்தது என்று நானும் அன்றைக்கு நிம்மதியாகப் படுத்தேன்.

அவள் அந்தச் 'சரி'யை வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறாள். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெண்கள் விடுதி ஒன்று இருக்கிறது. காலேஜ் முடிகிற வரைக்கும், வேண்டுமானால் அதற்குப் பிறகும் இருக்கலாம். போய்ப் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். ஹாஜிரா அண்ணனிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. வாயே திறக்காதவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, மகளுக்காக அவள் செய்த காரியம் அது.

யாரோடும் எங்கேயும் அவள் ஓடவில்லை. பட்டப்பகலில், ஜும்ஆ முடிந்து ஆம்பிளைகள் எல்லாம் வீடு திரும்பிய பிறகு, தெருவே பார்க்க ஒரு பெட்டியோடும் ஒரு பையோடும் கீழே இறங்கி வந்தாள். நஜிமுதீன் தொழுகைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டான்.

"வேற விலாசம் பாத்தாச்சு மாமு, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஹாஸ்டல்ல. உங்க வீடு அதுல ஏறாது."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் உன்னைப் போகச் சொல்லலயேம்மா."

"சொல்லல மாமு. எனக்கு வேற வழி தெரியல."

அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. அழுகிறதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். பரீட்சையும் வேலையும் இந்த வீட்டு மௌனமும் சேர்ந்து அவளை அவ்வளவு அசத்திப்போட்டிருந்தது. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தோறும் வருவேன் நன்னி என்றாள். ஹாஜிரா ஒரு டப்பாவில் இடியாப்பம் கட்டிக் கொடுத்தாள். ரசூல் பாய் தன் வாசலில் வந்து நின்றுகொண்டு, பேப்பர் படிக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வரேன் மாமு" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

நஜிமுதீன் நகரவே இல்லை. தெரு முனையில் நின்ற ஆட்டோவை அவள் கைகாட்டிக் கூப்பிட்டபோதுதான் அவனுக்கு உடம்பு அசைந்தது. பெண் பிள்ளை தனியாக ஏறினால் அதிகமாகக் கேட்பார்கள் என்று, செருப்பில்லாமல் தெருவில் இறங்கிப் போய், சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு என்ன கேட்கிறாய் என்று ஆட்டோக்காரனிடம் வாடகை பேசினான்.