அக்காவின் முதல் மெடல்

அக்காவைப் பற்றி மலருக்கு எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் இங்கே திருவனந்தபுரத்தில் அக்காவுக்குப் பெரிய பாராட்டுக் கூட்டம் நடந்தது. இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவள். டெல்லியில் கொடுத்தது, வெளிநாட்டில் கொடுத்தது என்று விருதுகளை வாசித்தவர் நடுவில் ஒருதரம் தண்ணீர் குடித்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்ட எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் அவர் முதல் மெடலைச் சொல்லவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். அக்காவின் காலேஜ் வகுப்பில் பெண் அவள் ஒருத்திதான். பிசிக்ஸில் முதலாவதாக வந்ததற்கு மேடையில் மெடல் கொடுப்பதாக இருந்தது. அன்று காலை பார்த்து அவளைக் காக்கா தொட்டுவிட்டது. மாதவிலக்கை எங்கள் வீட்டில் குழந்தைகளிடம் அப்படித்தான் சொல்வார்கள். மூன்று நாள் பின்கட்டில் தனியாக இருக்க வேண்டும், யாரும் தொடக்கூடாது, தொட்டால் தலைமுழுக வேண்டும். அப்பாவுக்கோ கோயில் மடப்பள்ளியில் சமையல். ஆசாரத்தில் அவரை மிஞ்ச கிழக்கேகோட்டையில் ஆள் கிடையாது. அவர் வேட்டி காயும் கொடிப்பக்கம்கூட எங்களை விடமாட்டார்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். அவள்தான் ஆரம்பித்தாள். "மெடலைத் தபால்ல அனுப்பமாட்டாளாமா? ஊரெல்லாம் தொட்டுண்டு வரப்போறாளாக்கும் உன் பொண்ணு."

அப்பா முன்னால் பேசியே அறியாத அக்கா, பின்கட்டிலிருந்து சொன்னாள்: "என் பேரைக் கூப்பிடறச்சே நான் அங்கே நிக்கணும், அப்பா."

அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அப்பா யாரையும் பார்க்காமல், "பஸ் போயிடும், கிளம்பச் சொல்லு" என்றார். துணைக்கு அவரே வந்தார், என்னையும் கூட்டிக்கொண்டு. பஸ்ஸில் அக்காவிடமிருந்து தள்ளி நின்றேதான் வந்தார்.

கைதட்டலோடு அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அவளுடைய வாத்தியார் மலையாளத்தில், மகளா என்று அப்பாவிடம் விசாரித்தார். "அதே, என்டெ மோளாணு" என்று அப்பா உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு அத்தனை பேர் முன்னால் அக்காவின் தலையில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

திரும்பி வந்து இறங்கியதும் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அப்பா என்னோடு நேரே குளத்துக்குப் போய் முங்கினார். என்னையும் முங்க வைத்தார். காலையிலேயே குளித்தாயிற்றே என்று நான் கேட்டதற்கு, "புழுக்கமா இருக்குடி" என்றார். அப்போது தூறிக்கொண்டிருந்தது.

தூறலில் புழுக்கமாம் என்று வாசலிலேயே அத்தையிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உலர்ந்த துண்டை எடுத்து நீட்டினாள். தெரிந்தே தொட்டிருக்கிறார் என்பது எனக்கு அன்று தெரியாது.

விருதுகளின் பெயரும் வருஷமும் எனக்குச் சரியாகத் தெரியாததால் எழுதவில்லை. அக்காவின் மகள் பார்த்துச் சேர்க்கட்டும். அந்த மெடல் வெள்ளியா, தங்கமா என்பதையும் அக்காவிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.