நான் விற்ற ஒரு வாக்கியம்

நியாலாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதினொரு வருடம் ஸ்டோர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். ரப்பர் பாலை உறைய வைத்து, தகடாக அழுத்தி, புகை போட்டுக் காய வைக்கும் இடத்துக்குத்தான் எங்களிடம் ஸ்டோர் என்று பெயர். வாளியில் விரலை விட்டுப் பார்த்தே பாலில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவேன். அந்தத் தொழிலைச் சீமையிலிருந்து வந்த மூன்று சின்னத் துரைகளுக்குக் கற்றுக் கொடுத்தேன். முதல் ஆள் வேறு தோட்டத்துக்குப் பெரிய துரையாகப் போனான். இரண்டாவது ஆள் குடித்துக் குடித்தே ஊர் திரும்பினான். மூன்றாவது ஆளுக்கு ஈரத் தகடு எது, காய்ந்த தகடு எது என்று தெரிய ஆறு மாதம் ஆயிற்று. ஏழாவது மாதம், நான் "மேற்பார்வை தேவைப்படும் ஆள்" என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதினான். அவனுக்குத் தட்டச்சும் வராது. அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். அடித்த கையோடு இன்னொரு தாளைச் செருகி என் ராஜினாமாவையும் அடித்தேன்.

ஜாசின் டவுனில் ஒரு தையற்கடையின் முன்பாதியை வாடகைக்குப் பிடித்து, "ரப்பர் ஆலோசகர்" என்று பலகை மாட்டினேன். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் மோதிய அவசரகாலம் உச்சத்தில் இருந்த சமயம். கொரியாவில் சண்டை மூண்டு ரப்பர் விலை ஏறியிருந்ததால், டவுனில் கையில் நாலு காசு இருந்தவனெல்லாம் தோட்டம் வாங்கிக்கொண்டிருந்தான். பட்டை எது கட்டை எது என்று தெரியாத இத்தனை முதலாளிகள் இருக்கும்போது எனக்கு என்ன குறை என்று நினைத்தேன்.

என் மனைவிக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை. "நீங்க என்னா டாக்டரா, ஆளுங்க தேடி வந்து கேட்டுட்டுப் போவ?" என்றாள்.

"ரப்பருக்கு டாக்டர்னு வச்சுக்கயேன்."

"நோயாளி வரணும்லா."

வந்தவர்கள் என்னவோ ரப்பர் செருப்பு இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். அடையாள அட்டை பாரம் நிரப்பித் தரச் சொல்லிப் பத்துப் பேர் வந்தார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் ஒரு முதலாளி வந்தார். அதே தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். பெம்பான் சாலையில் அறுபது ஏக்கர் வாங்கியிருந்தார். "பால் கொறஞ்சுகிட்டே போவுது தம்பி. ஆளுங்க திருடுறாங்க. நீங்க வந்து பாத்து, எப்படித் திருடுறாங்கன்னு எழுதிக் குடுங்க" என்றார். நோயின் பெயரை அவரே வைத்துவிட்டார். மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட ஆள் தேடி வந்திருக்கிறார் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் சிலோன் பாணிக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

ஊரடங்கு முடிந்த பிறகு பஸ் பிடித்துப் போனால் காலை வேலையைப் பார்க்க முடியாது. அதனால் முந்தின நாள் சாயங்காலமே போய், ஆட்களை மேய்க்கும் தண்டல் வீட்டில் தங்கினேன். ஆட்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. ஒரே ஒரு வாசல். காலை ஆறு மணிக்கு ஊரடங்கு நீங்கியதும் ஆட்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். காட்டுக்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று காவலர்கள் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்தார்கள். பெண்களுக்குச் சாக்குத் திரைக்குப் பின்னால் தனிச் சோதனை. அது அரசாங்க உத்தரவு, யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வரிசையைத் தாண்டியதும் இன்னொரு வரிசை இருந்தது. அங்கே முதலாளியின் கங்காணி ஒருவன் உட்கார்ந்து, ஒவ்வொரு வாளியாகக் கவிழ்த்துப் பார்த்தான்.

"என்னா பாக்குறீங்க?" என்று கேட்டேன்.

"பால் இருக்கான்னு."

"இன்னும் மரமே வெட்டலையே."

"மொதலாளி பாக்கச் சொன்னாரு."

காலி வாளியில் திருட்டுப் பாலைத் தேடும் அந்த உத்தியோகத்தை நான் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். முதல் ஆள் முதல் மரத்தைத் தொடும்போது ஏழரை தாண்டிவிட்டது. மரம் குளிர்ந்திருக்கும்போது பட்டையைக் கீறி வெட்டினால்தான் பால் ஓடும். வெயில் ஏற ஏற நரம்பு சுருங்கிவிடும். இதைத் தோட்டத்துக் கோழிகூட அறியும். ஒரு பெண்ணின் மர நிரையில் அவள் பின்னாலேயே கடைசி மரம்வரை நடந்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். கத்தி பிடித்த கை கொஞ்சமும் தடுமாறவில்லை. மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணங்களில் பாதியில் பால் அடியை மட்டும் நனைத்திருந்தது.

மூன்று பக்கம் அறிக்கை எழுதினேன். இரண்டாவது சோதனையை எடுத்துவிட்டால் பால் கூடும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். முதலாளி கடையிலேயே உட்கார்ந்து படித்தார்.

"அப்ப என் மேல குத்தம்ங்கிறீங்க."

"வெயில் மேல, மொதலாளி."

"சரி, திருட்டு நடக்க வழியே இல்லன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

"அத யாரால சொல்ல முடியும்?"

"அதத்தான் எழுதச் சொல்றேன். ஒரே வரி. கடைசியில சேத்துடுங்க. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு தோட்டக்காரங்க நல்ல ஆளாத் தேடிக்கிட்டு இருக்காங்க, சொல்லி விடுறேன்."

நான் யோசித்தேன் என்று எழுதினால் பொய். அங்கேயே பேனாவைத் திறந்து, மூன்றாம் பக்கத்தின் அடியில் எழுதினேன்: "பால் வெளியே செல்வதற்கு வாய்ப்பில்லை என்று கூறுவதற்கில்லை." எழுதிவிட்டு, யாரும் என்னைக் குறை சொல்ல முடியாத வாக்கியம் என்று அதன் இலக்கணத்தை வேறு மெச்சிக்கொண்டேன். துரை என்னைப் பற்றி எழுதிய கடிதத்தில்கூட இவ்வளவு சாமர்த்தியம் இல்லை.

இரண்டு வாரம் இருக்கும். நான் பின்னால் நடந்து போன அதே பெண் தையற்கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"எங்க வூட்டுக்காரரப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. வெளிய பால் போவுதுன்னு நீங்க எழுதுனீங்களாம்."

முதலாளி அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை மட்டும் கிழித்துப் போலீசிடம் கொடுத்திருக்கிறார். பால் காட்டோரமாக விற்கப்படுகிறது, அந்தக் காசு காட்டுக்காரர்களுக்குப் போகிறது என்பது அவர் சொன்ன கதை. அந்த வருடங்களில் ஒருவனை உள்ளே வைக்க அவ்வளவு போதும். அவளுடைய கணவன் எப்போதோ கூலி உயர்வு கேட்டவன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"நான் அப்படி எழுதல அக்கா" என்றேன். "வாய்ப்பில்லன்னு சொல்ல முடியாதுன்னுதான் எழுதுனேன். அதுக்கு, பால் போவுதுன்னு அர்த்தம் இல்ல."

கணவன் உள்ளே இருக்க, வாசலில் வந்து நிற்பவளிடம் எதிர்மறைக்கு எதிர்மறை பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்க சொல்றது எனக்கு வெளங்கல. அவங்களுக்கு நல்லா வெளங்கிடுச்சு லா" என்றாள். "நீங்க என் பின்னாலயே நடந்தீங்க. மங்குல பால் இல்லாதத உங்க கண்ணால பாத்தீங்க."

"பாத்தேன்."

"அத எழுதியிருந்தா போதாதா?"

போதும். முதல் இரண்டு பக்கத்தில் அதுதான் இருந்தது.

மறுநாள் அறிக்கையின் கார்பன் நகலை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனேன். வழியெல்லாம் என்னைப் பற்றித்தான் கவலை. விசாரிக்கப் போனவனையே உள்ளே வைத்த கதைகள் நிறையக் கேட்டிருந்தேன். மத்தியானம்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு கூப்பிட்ட மலாய்க்கார அதிகாரி என் நகலின் முதல் இரண்டு பக்கத்தையும், முதலாளி கொடுத்த மூன்றாம் பக்கத்தையும் நிதானமாக மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்து, "முதல் இரண்டு பக்கம் எழுதிய ஆளை நம்பவா, கடைசி வரி எழுதிய ஆளை நம்பவா?" என்றார்.

"கடைசி வரி மொதலாளி கேட்டதுக்காக எழுதினது" என்றேன்.

"கேட்டால் எழுதுவீர்களா?"

"அன்னைக்கு எழுதினேன்."

அதையே வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் தயங்கினேன். இது வெளியே தெரிந்தால் எந்த முதலாளி இனி என்னிடம் வருவான் என்பதுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. ஒருவன் பூட்டிய அறையில் உட்கார்ந்திருக்க, நான் வாடிக்கையாளர்களை நினைத்தேன். கடைசியில் கையெழுத்துப் போட்டேன். அதைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண் நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டித்தான் நான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

மேலும் ஆறு நாள் கழித்து அவள் கணவனை விட்டார்கள். ஒரு காது சரியாகக் கேட்கவில்லை என்று தண்டல் சொன்னார். முதலாளி அவர்களை மறுபடி வேலைக்குச் சேர்க்கவில்லை. டுரியான் துங்கால் பக்கம் எனக்குத் தெரிந்த கிராணி ஒருவரிடம் பேசி இருவருக்கும் வேலைக்கு ஏற்பாடு செய்தேன். போவதற்கு முன் அவள் என்னைப் பார்க்க வரவில்லை. எதற்கு வர வேண்டும்?

முதலாளிக்கு என் மேல் கோபம் இல்லை, பரிதாபம்தான். "பொழைக்கத் தெரியாத ஆளா இருக்கீங்களே தம்பி" என்றார். கங்காணி தொடர்ந்து காலி வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். விலை விழுந்ததும் முதலாளி தோட்டத்தை விற்றுவிட்டு, அந்த மரமெல்லாம் மட்ட ரகம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் சிபாரிசு செய்த இரண்டு தோட்டக்காரர்களும் தவறாமல் வந்தார்கள். வாக்குமூலம் அவர்கள் காதுக்கு எட்டவில்லை. ஒருவர் உட்காருவதற்கு முன்பே, "நமக்கு வேண்டியத எழுதிக் குடுப்பீங்களாமே?" என்றார். என் தொழிலின் பெயர் அந்தத் தெருவில் அப்படித்தான் பரவியிருந்தது. வேண்டிய அளவுக்குத் தைத்துக் கொடுக்கும் ஆள் கடையின் பின்பாதியில் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு எட்டு ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருந்த கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். தகட்டில் ஏன் கொப்புளம் வருகிறது என்று அவர்கள் கேட்பார்கள். பால் உறைய ஊற்றும் அமிலம் அதிகம் என்பேன். குறைத்துவிட்டு வந்து, சரியாகிவிட்டது என்பார்கள். அதில் யாருக்கும் கெடுதல் இல்லை. பெரிய வேலை ஏதாவது வந்தால், அறிக்கையை முதலாளியிடம் தருவதற்கு முன் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டி உரக்கப் படித்துக் காட்டுவேன். முதலாளியிடம் அனுமதி கேட்பதில்லை. ஒருவனைப் பிடித்துக்கொண்டு போன பிறகு வந்த புத்தியைப் பற்றிப் பீற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒருமுறை அப்படிப் படித்தபோது ஒரு கிழவர் கையைத் தூக்கினார்.

"ஐயா, 'சில சமயங்களில் கவனக்குறைவு காணப்படுகிறது'ன்னு படிச்சீங்களே, யாரு, எப்போ?"

அறிக்கை என்றால் அப்படி ஒரு வரி இருக்க வேண்டும் என்ற பழக்கத்தில் எழுதியிருந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரியைப் பேனாவால் அடித்து நீக்கினேன்.