கரியனுக்கு வைத்த கஞ்சி

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. கரியாலூரில் மழை ஓய்ந்திருந்தது, மூடுபனி விலகவில்லை. முற்பகலிலும் வண்டிகள் விளக்கை எரியவிட்டே மலைப்பாதையில் ஏறின. அந்தப் பனிக்குள் ஒரு வாடகைக் காரிலிருந்து கலைவாணன் இறங்கினார். வழி நெடுகிலும் மடியில் வைத்துக் காத்துவந்த ஐஸ் பெட்டியை இரு கைகளாலும் ஏந்தியிருந்தார். அதனுள் ஒரு கண்ணாடிப் புட்டி இருந்தது.

அவருக்குப் பின்னால் இறங்கிய தனுஷா, “கலை, இன்னொரு வாட்டி யோசிங்க. இத்த ஊத்திட்டீங்கன்னா மறுபடியும் கெடைக்காது,” என்றார்.

“தெரியும் மேடம்,” என்று மட்டும் கூறிவிட்டுக் கலைவாணன் வீட்டை நோக்கி நடந்தார்.

கலைவாணனின் தந்தை கரியன் அம்மலையில் சாமையும் கேழ்வரகும் பயிரிட்டவர். எதைக் குடித்தாலும், குடித்து முடித்தபின் டம்ளரைக் கவிழ்த்துவைத்து, அது தரையில் பதித்திருந்த ஈர வளையத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் துடைப்பது அவருடைய பழக்கம். ஏன் என்று கேட்டவர்களுக்கு, “ஈ மொய்க்கும்,” என்பார். ஈ இல்லாத மார்கழியிலும் அவ்வாறே செய்தார்.

கலைவாணன் பெங்களூரிலுள்ள ஓர் உணவகத்திற்குப் பாத்திரம் கழுவச் சென்றவர். அந்த உணவகம், உரிமம் பெற்றுத் தன் பீரைத் தானே தயாரிப்பது. முளைகட்டிய தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து, அதன் சாற்றைக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட்டைச் சேர்த்து நுரைக்கவிடும் வேலையில் அவருடைய மூக்கு எவருடைய மூக்கையும் விஞ்சியது. வடக்கனந்தல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவரான உரிமையாளர் தனுஷா, அவரைப் பாத்திரத் தொட்டியிலிருந்து டேங்குகளின் பக்கம் மாற்றினார்.

செய்தியறிந்த தாய் ராணியம்மாள் அப்போது போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது.

“சாராயம் காய்ச்சுறவனத் தேடிக்கினு போலீசு மலையேறி வருது. நீ ஊரு வுட்டு ஊரு போயிக் காய்ச்சிக்கினு இருக்கியா?”

“அது லைசென்ஸ் வாங்கினதும்மா.”

“லைசென்ஸ் வாங்கினா வவுறு வேவாதா? எத்தினி வூட்ல எழவு வுழுந்துச்சுன்னு உனக்குத் தெரியாது?”

இறுதியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ருசி பார்க்க நாக்கில் வைத்துக்கொள்ளலாம், விழுங்கக் கூடாது. கலைவாணன் தாயின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். டேங்குகளுக்கு அருகில் ஒரு வாளி எப்போதும் இருக்கும். ருசி பார்த்து அதில் துப்புவார். உடன் வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர், ‘துப்புற மாஸ்டர்’.

தனுஷாவுக்கு, பிறர் தொடாத பொருள்களில் பீர் செய்து பார்ப்பதில் ஆர்வம் மிகுதி. கலைவாணன் மலையிலிருந்து நாரத்தை இலையும் கொம்புத்தேனும் கொண்டுசென்றார். கசப்புக்காகக் கடுக்காய்த் தோல் சேர்த்த பீரை மட்டும் ஒருவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. “நாட்டு மருந்துக் கட வாசன வருது கலை. குடிச்சவன் பத்தியம் இருக்கணுமான்னு கேக்குறான்,” என்று தனுஷாவே அதைச் சாக்கடையில் திறந்துவிட்டார்.

இவ்வாண்டு சித்திரையில் கரியன் இறந்தார். அவ்வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் வழக்கமாக அமரும் இடத்தில் ஒரு மண்பானை நிறையச் சாமைக் கஞ்சி வைப்பார்கள். கருமாதி வரையில் நாள்தோறும் அதில் ஓர் அகப்பைப் புதுக்கஞ்சி சேர்ப்பார்களே தவிரப் பழையதைக் கொட்டுவதில்லை. கருமாதியன்று மூத்த மகன் அப்பானையைத் தலையில் சுமந்துசென்று, சாமை விளையும் கொல்லைமேட்டின் ஓரத்தில் முழுவதையும் ஊற்றிப் பானையை உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். ஒரு சொட்டும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் போகிறவர் போகமாட்டார் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

கருமாதியன்று, மூத்த மகனான கலைவாணன் பானையைத் தூக்கக் குனிந்தார். மூடியிருந்த இலை விலகியது. வெண்ணிறமாகவும் கெட்டியாகவும் எழுந்திருந்த நுரையிலிருந்து, பழுத்த பலாவும் புதுத்தேனும் கலந்தாற்போன்ற மணம் வந்தது. அத்தகைய நுரையைத்தான் அவர் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார். ஒருவரும் பார்க்காத நேரத்தில் ஒரு கரண்டியளவை மருந்துப் புட்டி ஒன்றில் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். “அது அப்பாவுக்கு வெச்ச கஞ்சின்னே அப்ப தோணலீங்க. ஈஸ்ட்டுன்னுதான் தோணுச்சு,” என்று பிற்பாடு அவர் தனுஷாவிடம் கூறினார்.

பெங்களூரில் அதைச் சர்க்கரைநீரில் வளர்த்து, புட்டியிலிருந்து சாடிக்கும் சாடியிலிருந்து டேங்குக்கும் மாற்றினார். கரியனின் கொல்லையில் விளைந்த சாமையையே சேர்த்துச் செய்த அந்தப் பீர், வைத்த சில நாள்களிலேயே தீர்ந்துபோயிற்று. அடுத்ததும் அவ்வாறே. தலைமைப் பொறுப்பைக் கலைவாணனுக்கே தருவதாகவும், பெரிய டேங்க் வாங்குவதாகவும் தனுஷா கூறினார்.

ஒருநாள் பிற்பகல் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். “கலை, நம்ம கஸ்டமருங்கள பாத்தீங்களா? எல்லாரும் கிளாஸ கவுத்து வெக்கிறாங்க. இன்னா புது ஃபேஷனா?”

டேங்குகளுக்கும் கூடத்திற்கும் இடையே ஒரு கண்ணாடிச் சுவர் உண்டு. கலைவாணன் அதன் வழியே பார்த்தார். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கிய ஒருவர், குடித்து முடித்துக் கிளாசைக் கவிழ்த்துவைத்தார். மேசையில் பதிந்த ஈர வளையத்தை அவருடைய கட்டைவிரல் ஒரு சுற்றுத் துடைத்தது. அடுத்த மேசையில் பேசிக்கொண்டிருந்த இரு பெண்களும் பேச்சை நிறுத்தாமலேயே அதையே செய்தார்கள். மூவரில் ஒருவர்கூடத் தம் கையைப் பார்க்கவில்லை. வேறு பீர் குடித்தவர்களின் கிளாசுகள் நிமிர்ந்தே இருந்தன.

அந்த வாரத்தில்தான் ராணியம்மாள் தொலைபேசியில் அழைத்தார்.

“பானை வெச்ச எடம் காய மாட்டேங்குதுடா. சாம்பல் போட்டேன், சாணி போட்டு மெழுகினேன். வளையமா ஈரம் அப்படியே நிக்குது. உங்கப்பன் போவல.”

“மழை ஈரமா இருக்கும்மா.”

“இந்த எடத்துக்கு மட்டும் எங்கருந்துடா மழை வருது? அவுரு வூட்ல இருக்கறப்ப அவுருக்கு முன்னாடி நான் என்னிக்குச் சாப்பிட்டேன்?”

நாள்தோறும் அவ்வளையத்தின்முன் ஒரு தட்டில் சோறு வைத்து, அவர் உண்டு முடிக்கட்டும் என்று ராணியம்மாள் காத்திருந்தார். தட்டு வைத்தவாறே இருக்கும். அந்திக்குமேல் இரண்டு வாய் மட்டும் தாம் உண்பார். ஐப்பசியில் அவருடைய வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. நோயொன்றும் இல்லை, பட்டினிதான், இப்படியே போனால் தாங்கமாட்டார் என்று பார்க்க வந்த செவிலியர் கூறினார்.

கலைவாணன் தனுஷாவிடம் எல்லாவற்றையும் கூறினார். சாமை பீரைக் குடித்தவாறே கேட்டுக்கொண்டிருந்த தனுஷா, “கதை சூப்பர் கலை,” என்று சிரித்துக் கிளாசைக் கவிழ்த்துவைத்தார். கட்டைவிரல் மேசையைச் சுற்றியது. அதைப் பார்த்தபின் அவர் சிரிக்கவில்லை. ஆயினும் அந்த ஈஸ்ட்டை விட்டுவிட அவருக்கு மனமில்லை. டேங்கையும் சாடிகளையும் கொதிநீர் ஊற்றிக் கழுவிவிட்டு, மீதமிருந்த ஈஸ்ட் முழுவதையும் ஒரே புட்டியில் அடைத்துக்கொண்டு கலைவாணன் புறப்பட்டபோது, எப்படியாவது தடுக்கலாம் என்றே உடன் வந்தார்.

திருடிய கஞ்சியையும், அதில் செய்த பீரைக் குடித்தவர்கள் கிளாசைக் கவிழ்ப்பதையும் பற்றிக் கலைவாணன் தொலைபேசியில் முன்பே கூறியிருந்ததால், ராணியம்மாள் வாசலில் காத்திருந்தார். கலைவாணன் பானையைப் போலவே புட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பனிக்குள் நடந்தார். பெண்கள் இருவரும் பின்தொடர்ந்தனர். கொல்லைமேட்டின் ஓரத்தை அடைந்து புட்டியை இறக்கியதும் அதன் தக்கை தானாகவே எகிறி விழுந்தது. நுரை பொங்கி அவருடைய கைகளில் வழிந்தது. ஐஸிலிருந்து எடுத்தது சூடேறினால் பொங்குவது இயல்புதான்; அவரே அதை அறிந்தவர். முழுவதையும் ஊற்றிப் புட்டியைப் பாறையில் உடைத்தார்.

திரும்பி வருகையில், பின்னால் பனிக்குள் கல்லின்மேல் டம்ளரைக் கவிழ்த்துவைக்கும் ஓசை கேட்டது. தனுஷா திரும்ப முயன்றார். ராணியம்மாள் அவருடைய மணிக்கட்டை இறுகப் பற்றினார்.

“திரும்பாத பாப்பா. நட.”

வீட்டிற்குள் அந்த இடம் காய்ந்து வெளுத்திருந்தது. ராணியம்மாள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மண் சூடாகவே இருந்தது. அன்று அவர் கரியனுக்குத் தட்டு வைக்கவில்லை. தாமே சோறு போட்டுக்கொண்டு, குழம்பு ஊற்றிப் பிசைந்து உண்டு, இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். “பாப்பா, நீயும் நல்லாப் போட்டுச் சாப்பிடு. உன் யாவாரத்தக் கெடுத்துட்டோம்,” என்றார். “பரவால்லம்மா,” என்ற தனுஷா சுவரோடு சாய்ந்து அமர்ந்திருந்தார்.

கலைவாணன் உண்ணவில்லை, தண்ணீர் மட்டும் கேட்டார். தாய் எட்டிக் கொடுத்த டம்ளரை அண்ணாந்து குடித்து முடித்தார். அதைத் தரையில் கவிழ்த்துவைத்தார். ஈர வளையத்தை அவருடைய கட்டைவிரல் ஒரு சுற்றுத் துடைத்தது. அவர் தம் கையைப் பார்க்கவில்லை.

ராணியம்மாளின் கை சோற்றோடு பாதியில் நின்றது.

“என் கையில அடிச்சு சத்தியம் பண்ணியேடா. அத்த முழுங்கினியா?”

“முழுங்கினேம்மா,” என்றார் கலைவாணன்.