மஞ்சளாக மாறிய தாள்

நான் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த வருடம் அண்ணனின் பெண் குதிரை சினையாக இருந்தது. அண்ணன் மாமல்லபுரம் கடற்கரையில் குதிரைச் சவாரி விடுபவன். அவனிடம் இரண்டு குதிரைகள். சினையானதை வீட்டுக்குப் பின்னால் சவுக்கு நிழலில் கட்டியிருந்தான்.

பதினோரு மாதம் முடிந்து மேலும் பத்து நாள் ஆகியிருந்தது. அண்ணன் தினமும் வால் அடியைத் தடவி, தசை இளகிவிட்டதா என்று பார்ப்பான். காம்பு நுனியில் மெழுகு மாதிரி சொட்டு கட்டினால்தான் நாள் நெருங்கும் என்பான்.

ஊசி போட வந்த கால்நடை டாக்டர் வேறொன்று சொன்னார். "காம்புல வர்ற பால்ல புளிப்பு ஏறிச்சின்னா ஒண்ணு ரெண்டு நாள்ல குட்டி போட்டுடும்மா."

புளிப்பு பார்ப்பதுதான் என் வேலையே. கழிவுநீரில் சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்ப்பேன்; புளிப்பு ஏறினால் பச்சை மஞ்சளாகும். மேற்பார்வையாளரிடம் கேட்டு மீந்த தாள்சுருள் ஒன்றை வாங்கி வந்தேன். கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புமுன் ஒரு சொட்டுப் பால் எடுத்துப் பார்ப்பேன். ஐந்து நாளும் பச்சைதான். ஆறாம் நாள் தாள் மஞ்சளானது.

"ண்ணா, இன்னிக்கு நீ போவாத."

"மெழுகே கட்டல. உன் காயிதத்த நம்பி ஞாயித்துக்கெழம சவாரிய வுட சொல்றியா?" என்று மற்ற குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அன்று எனக்கும் ஷிஃப்ட் இருந்தது. லீவு சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். மதியம்வரை சினைக்குதிரை நிதானமாகப் புல் தின்றது. எனக்கே வெட்கமாகிவிட்டது.

மூன்று மணி இருக்கும். திடீரென்று அதற்கு வியர்த்துக் கொட்டியது. இரண்டு சுற்று சுற்றிப் படுத்தது. அண்ணனுக்கு போன் போட்டேன்.

"வெளயாடுறியா?" என்றான்.

"தண்ணி கொட்டிடுச்சுண்ணா."

அவன் வருவதற்குள் முன்னங்கால்கள் வெளியே வந்துவிட்டன, பின்னாலேயே தலையும். மூக்கின்மேல் வெள்ளைச் சவ்வு மூடியிருந்தது. விரலால் கிழித்து ஒதுக்கினேன். குட்டி தும்மியது.

அண்ணன் வெறுங்காலோடு ஓடி வந்தான். குதிரைமேல் ஆளை உட்கார வைத்தபடியே கயிற்றை வேறொரு குதிரைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். மண்ணில் உட்கார்ந்து வைக்கோலால் குட்டியைத் துடைத்தான். அது நான்கு முறை எழுந்து விழுந்து, ஐந்தாம் முறை நின்றது.

அடுத்த வருடம் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கழுதை வளர்க்கிற ஒருவர், தன் கழுதை பன்னிரண்டு மாதம் தாண்டியும் போடவில்லையே என்று அண்ணனிடம் வந்தார். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு அவ்ளோ தெரியாது. என் தங்கச்சி வூட்லதான் கீது, அதக் கேளு" என்றான்.

நான் கல்யாணமாகிப் பொத்தேரிக்கு வந்து வெகுநாளாகிறது. இப்போது நினைத்தாலும், மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போன அந்தப் பெண்ணைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.