கம்பிக்கு ஒரு குடம் தண்ணீர்

மழை வந்தால் வயர்லெஸ் கெட்டுப்போகும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. அதெல்லாம் சும்மா. நான் பயந்தது வெயிலுக்குத்தான்.

ஐம்பதுகளில் திண்டுக்கல்லில் அரசு வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தேன். மதுரைக்கு மோர்ஸில் செய்தி தட்டுவது வேலை. ஏரியல் கம்பி உயரத்தில் இருக்கும். கருவியிலிருந்து இன்னொரு கம்பி அறைக்குப் பின்னால் ஒரு குழிக்குள் இறங்கும். அந்த எர்த் குழியில் மண் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் நான் தட்டுவது மதுரைக்குச் சரியாகக் கேட்காது. அதனால் தினமும் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன்.

திண்டுக்கல்லில், கோடையில், குழிக்குத் தண்ணீர்! தெருக்குழாயில் என் குடத்தைப் பார்த்தாலே பெண்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். முன்னால் நின்று சண்டை பிடிப்பவர் வயர்லெஸ் அறைக்கு அடுத்த வீட்டு அக்கா. அவர் கணவர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார்; வீட்டில் சின்னப் பையன் ஒருவன். மனுசனுக்கே நாக்கு வறளுது, கம்பிக்கு என்ன தாகம் என்று கேட்பார். நானும் சும்மா விடுகிற ஆளில்லை; அரசாங்க வேலை என்று அதட்டுவேன். ஒரு வருடம் அவரே ஜெயித்தார். குழாயில் தண்ணீர் நூலாக இளைத்துவிட்டது; வரிசையில் என் குடம் நகரவேயில்லை. பல நாளாகக் குழிக்கு ஒரு சொட்டும் கிடையாது.

அந்த நேரம் பார்த்து என் மகளுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் கழுத்துக்குழி உள்ளே போனது. ஊசி மருந்து இங்கே தீர்ந்துவிட்டது, மதுரையில் இருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஆள் போய் வாங்கித் திரும்பும்வரை பிள்ளை தாங்காது. சாயங்கால பஸ்ஸில் அங்கிருந்தே ஏற்றிவிடச் சொல்ல வேண்டும். முந்தின நாள் சூறைக்காற்றில் டெலிபோன் கம்பியும் தந்திக் கம்பியும் அறுந்து கிடந்தன. மகளை மனைவி மடியில் விட்டுவிட்டு வயர்லெஸ் அறைக்கு ஓடினேன்.

சிறுமலைப் பக்கம் கறுத்து மின்னிக்கொண்டிருந்தது. மழை மட்டும் விழவில்லை. அந்த மின்னலின் இரைச்சல் ஹெட்போனில் கடலை வறுப்பதுபோல் பொரிந்தது. தட்டினேன். இரைச்சலுக்கு அடியில் மெல்லிசாக மதுரை பதில் சொன்னது: புரியவில்லை, திரும்ப அனுப்பு. மறுபடி தட்டினேன். அதே பதில். மின்னும்போது ஏரியலைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. விதியாவது, மண்ணாவது.

அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"பிள்ளைக்கு ரொம்ப முடியலக்கா. ஒரு கொடம் தண்ணி குடுங்க."

அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுப்படியிலிருந்த நிறைகுடத்தைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தார். பிள்ளை குடிக்கத்தான் என்று நினைத்திருக்கிறார். நான் அதை அப்படியே குழிக்குள் கவிழ்த்தேன்.

"அட பாவி மனுசா, இதுக்கா?" என்றார். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"மருந்து வேணும்னு மதுரைக்குச் சொல்லணும்க்கா. மண்ணு காஞ்சு கெடக்கு, அங்க கேக்க மாட்டேங்குது."

உள்ளே ஓடித் தட்டினேன். இந்தமுறை பாதி போய்ச் சேர்ந்தது. மருந்தின் பெயர் புரியவில்லை என்றது மதுரை. முக்கியமானதே அதுதானே! அப்போது பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா இன்னொரு குடத்தைக் குழியில் சரித்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் அவர் வீட்டில் தண்ணீர் இருந்திருக்காது.

மின்னல் ஓய்ந்த இடைவெளியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பதில் வந்தது: கிடைத்தது, பஸ்ஸில் அனுப்புகிறோம். மேஜைமேல் தலையை வைத்து அழுதேன். ஜன்னலுக்கு வெளியிலிருந்து, "கம்பி குடிச்சிருச்சா தம்பி?" என்று கேட்டார் அக்கா.

மருந்து வந்தது. சில நாள் கழித்து மகள் கஞ்சி கேட்டாள்.

மறுபடி குழாயடிக்குப் போனபோது, அரசாங்க வேலை என்று அதட்டாமல் என் குடத்தை வரிசையின் கடைசியில் வைத்தேன். அக்கா வந்து அதைத் தூக்கித் தன் குடத்துக்கு முன்னால் வைத்தார். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கம்பி குடிக்கட்டும். எம்புள்ள கொஞ்ச நேரம் கழிச்சுக் குடிப்பான்" என்றார்.