அழாத பாப்பா

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது இது. இடம் ஒகேனக்கல். நீங்கள் நினைக்கிற அருவியோ பரிசல் துறையோ இல்லை. அதற்கும் மேலே, பஸ் போகாத, மீன் வறுவல் வாசனை எட்டாத ஒரு பாறைக் கரை. நான், என் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய பத்து மாதப் பெண் குழந்தை என்று காலையிலேயே காரில் போயிருந்தோம்.

எனக்கு நல்லம்பள்ளியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. தம்பி குடும்பம் தருமபுரி டவுனில் இருக்கிறது. குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோதே அதன் பேரில் இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்து வீடியோ போடத் தொடங்கிவிட்டார்கள். குளிப்பாட்டுவது, கொட்டாவி விடுவது என்று முதலில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் நாக்கில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தார்கள். குழந்தை முகத்தைச் சுளித்துவிட்டு, அழாமல் சிரித்தது. அந்த வீடியோ எங்கெங்கோ போனது. அன்றிலிருந்து அதற்கு 'அழாத பாப்பா' என்று பெயராகிவிட்டது. பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஐஸ் தண்ணீரில் உட்கார வையுங்கள், அப்போது பார்க்கலாம் என்று ஒருவர் எழுதுவார். இவர்களும் உட்கார வைப்பார்கள். ஒரு முறை மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரோரம், தம்பியின் ஒற்றை உள்ளங்கையில் நிற்க வைத்து எடுத்தார்கள். அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எதிர்வீட்டுப் பெண்ணின் கண் பட்டுவிடும் என்று தம்பி மனைவி குழந்தையின் கன்னத்தில் பெரிதாக மை வைப்பாள். வைத்த கையோடு ஊர் உலகத்துக்கே காட்டிவிடுவாள். அவள் கெட்டவள் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு விழித்திருப்பாள். ஆனால் நாத்தனார் வாயைத் திறந்தால் அது பொறாமை, மூடிக்கொண்டிருந்தால் அது திமிர். நானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். "நாங்க பாக்காமயா அண்ணி இருக்கோம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அவள் போனை ஸ்டாண்டில் நிறுத்தி வைத்துவிட்டு ஒற்றை விரலைத் தூக்கினால் வீடே அடங்கிவிட வேண்டும். பேசக்கூடாது, தும்மக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் கைஜாடைதான். நாம் படத்தில் விழுந்தால் அவள் கையை அசைப்பாள், உடனே குனிந்து விலகிவிட வேண்டும். போகவர இருந்ததில் எனக்கும் இது படிந்துவிட்டது. அந்த விரலைப் பார்த்தாலே என் தொண்டை தானாக மூடிக்கொள்ளும்.

குழந்தைக்கு என்ன படிந்திருந்தது என்பதை நான் மெதுவாகத்தான் கண்டுபிடித்தேன். அது அழுதால் "கட், கட்" என்று கீழே விட்டுவிட்டு இருவரும் போனைப் பார்க்கக் குனிந்துவிடுவார்கள். சிரித்தால் வாரியெடுத்து முத்தம் கொடுப்பார்கள். வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் அந்தச் சின்ன உயிர் அதைக் கணக்காகக் கற்றுக்கொண்டுவிட்டது. போன் தன் பக்கம் திரும்பினால் போதும், கண்ணில் நீர் நின்றாலும் வாய் சிரிக்கும்.

ஆடிப்பெருக்கு அன்று போட வேண்டும் என்று அவர்கள் திட்டம் போட்டது 'குட்டிக் காவேரியம்மன்'. மேலே கர்நாடகாவில் அணையைத் திறந்துவிட்டால் அப்புறம் ஆற்றுப் பக்கமே விடமாட்டார்கள், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஒரே அவசரம். குழந்தைக்கு முகமெல்லாம் மஞ்சள் பூசி, சிவப்புப் பட்டுப் பாவாடை கட்டி, ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடம் வைத்து, கழுத்தில் சாமந்தி மாலை போட்டார்கள். கரையிலிருந்து பத்தடி தள்ளி, கணுக்கால் தண்ணீரில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. அதன் மேல் அம்மன் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் ஆறு, வேறு ஆளே தெரியக்கூடாது. தம்பி குழந்தையை உட்கார வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி இருந்த பெரிய பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அவள் கரையில் போனுக்குப் பின்னால். நான் செருப்பைக் கரையோரக் கல்லில் கழற்றி வைத்துவிட்டு, துண்டோடு அவளுக்குச் சற்றுத் தள்ளி நின்றேன்.

துணி துவைக்க அன்னக்கூடையோடு வந்த ஒரு அம்மா அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். கூடையை இறக்கி வைத்து, குழந்தையைப் பார்த்துக் கைகூப்பினார். "எங்கள காப்பாத்து ஆத்தா" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். யார் யாரைக் காப்பாற்றச் சொல்வது என்று நினைத்துக்கொண்டேன். மஞ்சள் முகத்தோடு குழந்தை அசையாமல் அவரையே பார்த்தது. அந்த நேரத்தில் அது எங்கள் வீட்டுக் குழந்தை மாதிரியே இல்லை.

விரல் மேலே போனது. எல்லோரும் அடங்கினோம்.

முதல் தடவை கிரீடம் சரிந்துவிட்டது. இரண்டாவது தடவை வெயில் முகத்தில் அடித்தது. மூன்றாவது தடவை எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. ஆடிக் காற்றுகூட அன்று ஏனோ அடங்கிக் கிடந்தது. தூரத்து அருவியின் இரைச்சல் மட்டும் அடித்தொண்டையில் யாரோ முனகுவது மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போது என் கண் முன்னால் ஒரு செருப்பு சத்தமில்லாமல் மிதந்து போனது. யாரோ பாவம், செருப்பை ஆற்றில் விட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நீல வார், குதிகாலில் தேய்மானம். அது என் செருப்பு.

திரும்பிப் பார்த்தேன். நான் செருப்பு வைத்த கல்லைக் காணோம். மழை இல்லை, மேகம் இல்லை, அலைகூட இல்லை. தண்ணீர் தன்பாட்டுக்கு, யாரோ கீழேயிருந்து தூக்குவது போல ஏறிக்கொண்டிருந்தது. நிறமும் மாறி, டீத் தண்ணீர் மாதிரி கலங்கி வந்தது.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். விரல் இன்னும் மேலேயே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் குரல் வரவில்லை. தம்பியைப் பார்த்து, வா வா என்று பதறிக் கையை அசைத்தேன். அவன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, தான் படத்தில் விழுவதாக நினைத்துக்கொண்டு இன்னும் கீழே குனிந்து பாறைக்குள் மறைந்துவிட்டான். நான் மறுபடி அசைத்தேன். அவன் தலையும் தெரியவில்லை.

தம்பி மனைவியோ திரையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அந்தத் திரையில் குழந்தையின் இடுப்புக்கு மேலேதான் தெரிந்ததாம். பின்னால் ஆறு பளபளவென்று அழகாக இருந்ததாம். பிறகு அவளே சொன்னாள்.

தண்ணீர் பாறை மேல் ஏறியது. பாவாடை நனைந்து, உப்பி, குழந்தையைச் சுற்றிச் சிவப்பாக விரிந்தது. குழந்தை குனிந்து தன் காலைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. இதோ அழப்போகிறது, அழுதுவிடு தாயே, அழு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அது அழ வாயெடுத்து, நிமிர்ந்து போனைப் பார்த்தது. பார்த்ததும் சிரித்தது.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் என் கால் நகர்ந்தது. துண்டை எறிந்துவிட்டு ஆற்றில் இறங்கினேன். "அண்ணீ... ஃப்ரேம்ல வரீங்க..." என்று பின்னால் அவள் குரல் கேட்டது. கணுக்கால் தண்ணீர் என்றேனே, அது இப்போது முழங்காலுக்கு மேல் நின்று என்னைத் தள்ளியது. குழந்தையின் கையை எட்டிப் பிடித்தபோது அது பாறையை விட்டு வழுக்கிக்கொண்டிருந்தது. கிரீடம் கழன்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. பட்டுப் பாவாடை நனைந்து கல்லாய்க் கனத்தது. அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. என்ன கத்தினேன் என்று தெரியாது. தம்பி பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்தபோது அவன் இடுப்புவரை தண்ணீரில் நின்றான். அவனும் அதுவரை சத்தம் போடவில்லை!

அவன் வந்து என் தோளைப் பிடித்தான். இரண்டு பேரும் தடுமாறித் தடுமாறி வந்தோம். கரைக்கு வர நான்கடி இருக்கும்போது என் கால் வழுக்கிவிட்டது. துவைக்க வந்த அந்த அம்மா ஒரு பழைய சேலையை முறுக்கி வீசி, "புடிச்சுக்கங்கம்மா, உட்றாதீங்க" என்று இழுத்தார். மேலே ஏறியதும் தம்பியைப் பார்த்து விளாசினார்.

"ஏம்பா, மேல தண்ணி தொறந்துட்டாங்கன்னு ஆத்தப் பாத்தாவே தெரியலியா? நான் அந்தாண்டருந்து அவ்ளோ கத்துறன், கல்லு மாதிரி நிக்கறீங்களே, மூணு பேருக்கும் வாயி இல்லியா?"

அவர் கத்தியது எங்கள் யார் காதிலும் விழவில்லை.

நாங்கள் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தோம். குழந்தை மட்டும் அழவில்லை. மஞ்சள் கரைந்து வழிய, உதடு நீலம் பாரித்து, என் தோளில் இருந்தபடி எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. எதைப் பார்க்கிறது என்று திரும்பினேன். ஸ்டாண்டில் போன் அப்படியே நின்று எங்களை எடுத்துக்கொண்டிருந்தது. குளிரில் பல் முளைக்காத வாய் கிடுகிடுவென்று ஆட, அது விடாமல் சிரித்தது. பேய் பிசாசையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் அந்த முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

தம்பி மனைவியும் அதைப் பார்த்துவிட்டாள். ஓடிப் போய் ஸ்டாண்டோடு போனைப் பிடுங்கி மணலில் கவிழ்த்துப் போட்டாள். குழந்தை கொஞ்ச நேரம் அந்த இடத்தையே தேடியது. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அம்மாவைப் பார்த்தது. சிரிப்பு நிற்கவா போகவா என்று முகத்தில் தடுமாறியது. பிறகு வீறிட்டது பாருங்கள், ஆற்றிரைச்சலையும் மீறி அப்படியொரு அழுகை. அவள் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அழுடி, அம்மா உன்ன கீழ உடமாட்டன், அழுடி" என்று தானும் சேர்ந்து அழுதாள். எத்தனையோ மாத அழுகை அன்று வந்திருக்க வேண்டும். கார் பென்னாகரம் தாண்டியும் அது ஓயவில்லை, நாங்களும் ஓயச் சொல்லவில்லை.

அந்த வீடியோவைத் தம்பி ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தானாம். சுற்றிலும் மூன்று பெரியவர்கள் இருக்கிறோம், ஒரு சத்தமில்லை, தண்ணீர் ஏறுகிறது, குழந்தை சிரிக்கிறது. பாதியிலேயே அழித்துவிட்டான். பக்கத்தை மூடிவிட்டார்களா என்று கேட்பீர்கள். இல்லை. தம்பி மனைவி இப்போது அதில் களியும் கீரைக் கடைசலும் செய்து காட்டுகிறாள், பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். குழந்தைக்கு நாங்கள் பழக்கியதை மறக்கடிக்க ரொம்ப நாள் பிடித்தது. விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டால்கூட முதலில் எங்கள் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கும். இப்போது பரவாயில்லை, ஊரைக் கூட்டி அழுகிறது.

கல்யாண வீடுகளில், பஸ்ஸில், எங்காவது ஒரு குழந்தை கொஞ்சமும் அழாமல் உட்கார்ந்திருந்தால் எல்லோரும் அதைச் 'சமத்து' என்று கொஞ்சுவார்கள். நானும் கொஞ்சியவள்தான், இப்போதெல்லாம் அந்தக் குழந்தையை விட்டுவிட்டு, அது யாரைப் பார்த்து அழாமல் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.