நடுவில் வைத்த புனல்

எவர்சில்வர் கிண்ணத்தின் அடிச்சூடு துணியையும் தாண்டி உள்ளங்கையில் ஏறுவது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டு முடித்த கையோடு, அம்மா அந்தக் கிண்ணத்தில் தாளித்த கடலையையோ மோதகத்தையோ நிரப்பி மூடித் தருவார். நான் அதை ஏந்திக்கொண்டு, வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தொடர்மாடியின் முதலாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு ஏறுவேன். அங்கே ஸ்டெல்லா அன்ரியும் அவருடைய மகள் ரொமிலாவும் இருந்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வாடகைக்கு வந்த கத்தோலிக்கக் குடும்பம்; அன்ரியின் கணவருக்குக் கப்பலில் வேலை. ரொமிலாவுக்கும் எனக்கும் பதினொரு வயது. அவளிடம் கொம்பியூட்டர் இருந்தது, எங்கள் வீட்டில் இல்லை. கடலை கொடுக்கப் போகிறேன் என்பது நான் சொல்லிக்கொண்ட காரணம். அந்தக் கொம்பியூட்டருக்காகத்தான் அப்படி இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறுகிறேன் என்பது கட்டடம் முழுக்கத் தெரிந்த காரணம்.

அதில் ஒரு விளையாட்டு இருந்தது. மலை, மரம், மாடு, மேகம் எல்லாமே சதுரக் கட்டைகளால் ஆனதால் நாங்கள் அதைக் ‘கட்டை விளையாட்டு’ என்போம். இப்படித்தான் ஆட வேண்டும் என்ற கட்டாயம் அதில் கிடையாது. தோண்டலாம், கட்டலாம், சும்மா திரியலாம். மற்றப் பிள்ளைகள் கோட்டை கட்டினார்கள், பிசாசுகளோடு சண்டை போட்டார்கள். ரொமிலாவோ ஓர் ஊரின் தோட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, அங்கிருந்த சனங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். யாரும் ஆட்டுவிக்காமல் தாங்களாகவே நடமாடும் ஆட்கள் அவர்கள். முகத்தில் பாதி மூக்காக இருந்ததால் ‘மூக்கர்’ என்று பெயர் வைத்திருந்தோம். மண்ணிற அங்கி போட்ட மூக்கர் ஒருவர் கமக்காரர். விளைந்த உருளைக்கிழங்கைப் பிடுங்குவார், பிடுங்கிய இடத்திலேயே மறுபடி ஒன்றை நடுவார், மிச்சத்தைத் தன் பைக்குள் போட்டுக்கொள்வார். தங்கக்கட்டியை அவர் வழியில் போட்டுப் பார்த்தோம், அதன்மேலேயே நடந்து போனார். பாண் ரொட்டியைப் போட்டோம், உடனே எடுத்துக்கொண்டார். தின்னவோ விதைக்கவோ உதவாத எதையும் அவர் தொடுவதில்லை. பை நிறைந்து, தன் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டால், கையில் ஒன்றுமில்லாத இன்னொரு மூக்கரைத் தேடிப் போய், அவர் முகத்தைப் பார்த்தபடி கிழங்கை அவர் முன்னால் எறிவார்.

“பாரு, நம்ம அம்மாமார் மாதிரியே” என்று ரொமிலா சிரிப்பாள்.

அவள் சொன்னதில் பிழையில்லை. எங்கள் கட்டடத்தில் ஒரு வீட்டுப் பாத்திரம் இன்னொரு வீட்டுக்குப் போனால் வெறுமையாகத் திரும்பி வராது. “ஒண்டும் இல்லாட்டி ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்ப வேணும்” என்பார் அம்மா. வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்புவது, இனி எங்களோடு கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம்.

அந்த விளையாட்டில் ஒரு தந்திரம் இருப்பதாக வகுப்பில் கேள்விப்பட்டு, ஒரு வெள்ளிக்கிழமை நானே அதைச் செய்துகாட்டினேன். கமக்காரரைத் தோட்டத்துக்குள் வேலிபோட்டு அடைத்தேன். வேலிக்கு மறுபக்கம், ஒன்றுமில்லாத ஒரு மூக்கரைக் கூண்டுக்குள் நிறுத்தினேன். இருவருக்கும் நடுவில், தரையில் ஒரு புனல். புனலுக்கு அடியில் என்னுடைய பெட்டி. கமக்காரர் பட்டினிக்காரரைப் பார்ப்பார், இரக்கப்பட்டுக் கிழங்கை எறிவார், கிழங்கு புனலுக்குள் விழுந்து என் பெட்டிக்குப் போகும். கொடுத்துவிட்டேன் என்ற நினைப்பில் அவர் வேலைக்குத் திரும்புவார். மற்றவர் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றபடியே நிற்பார், அவர் கையில் இன்னும் ஒன்றுமில்லாததால் கமக்காரர் திரும்பவும் வந்து எறிவார். பெட்டி நிறைந்துகொண்டே போனது. நான் கைகொட்டிச் சிரித்தேன்.

“ஐயோ பாவம், அவருக்குன்னுதானே எறியிறாரு” என்றாள் ரொமிலா.

“பொம்மைதானே, அவைக்கென்ன தெரியும்?” என்றேன்.

இதற்காக அந்த விளையாட்டைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. மூக்கர்கள் யாரிடமும் பறித்ததில்லை. புனலை வைத்தது நான். அதற்கு முன்பே, வீட்டுப் படிக்கட்டில், நானே ஒரு புனலாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

காரணம், அன்ரி கறியை உள்ளே வைத்துப் பொரிக்கும் பற்றிஸ் என்ற மாப்பலகாரம். விளிம்பு பின்னல் போட்டது போல மடித்திருக்கும், கடித்தால் பொடிந்து சட்டையெல்லாம் உதிரும். முதல் தடவை கிண்ணத்தில் நாலு பற்றிஸ் வைத்துக் கொடுத்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில், கடல் தெரியும் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம், பற்றிசுக்குள் மீன் இருக்கும், அம்மாவுக்குச் சங்கடமாகப் போகும், ஆகையால் நானே தின்றுவிடுவது அம்மாவுக்குச் செய்யும் உதவி என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு நாலையும் தின்றேன். ரயில் ஒன்று போனது, படி அதிர்ந்தது, நான் துகள்களைத் தட்டிவிட்டுக் கிண்ணத்தை வெறுமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்: அந்த நியாயத்துக்கு ஒரு வாரம்தான் ஆயுள். அடுத்த வெள்ளி அன்ரி வாசல்வரை வந்து, “மகள், அம்மாகிட்ட சொல்லுங்க, உள்ளுக்கு உருளைக்கிழங்கு மட்டும்தான். மீன் பொரிக்கிற சட்டி இல்ல, புதுச்சட்டி. எண்ணெயும் புதுசு. அம்மாவுக்குன்னு வேறயா செஞ்சேன்” என்று சொல்லிக் கொடுத்தார். நான் தலையாட்டினேன். இரண்டாம் மாடியில் அதையும் தின்றேன். அன்ரி சொன்ன சொல்லையும் அம்மாவிடம் சேர்க்கவில்லை. சேர்த்தால் பற்றிஸ் எங்கே என்று கேட்பாரே.

இப்படியே எத்தனையோ வெள்ளிகள். முதலில் அம்மா, “பாவம், தனிய இருக்கிற மனுசி, நேரமில்லையாக்கும்” என்றார். பிறகு, “ஒரு பிடி சீனி போடக்கூட மனமில்லையோ?” என்றார். ஒரு நாள் எங்கள் கிண்ணம் கழுவிக் காயவில்லை என்று அன்ரி தன்னுடைய நீல மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டியில் பற்றிஸ் வைத்துத் தந்தார். தின்ற பிறகுதான் என் மூளை வேலை செய்தது. வேறு வழியில்லாமல் அந்தப் பெட்டியை வெறுமையாகவே அம்மாவின் கையில் கொடுத்து, “கிண்ணம் பிறகு தருவாவாம்” என்றேன். அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார், “இனித் தன்ர பெட்டியையும் நான் நிரப்ப வேணுமாக்கும்” என்று மூடினார், அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். அன்றோடு வெள்ளிக்கிழமைக் கடலை நின்றது.

நான் மட்டும் வெறுங்கையோடு மேலே போய் விளையாடிக்கொண்டிருந்தேன். அம்மா ஏன் இப்போது ஒன்றும் அனுப்புவதில்லை என்று அன்ரி கேட்டபோது, அம்மாவுக்குச் சுகமில்லை என்றேன். சுகமில்லாத அம்மா காலையில் சந்தைப் பையோடு படியேறுவதை அவர் பார்க்கமாட்டாரா என்ன? ஒரு நாள் ரொமிலா தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போயிருந்தாள். அன்ரி அவளிடம் மெல்லச் சொல்வது எனக்குக் கேட்டது:

“நம்ம கையால செஞ்சத அவங்க சாப்பிட மாட்டாங்க போல. சொல்ல வெக்கப்படுறாங்க. இனி குடுத்து அவங்கள சங்கடப்படுத்தக் கூடாது, சரியா?”

என் காது சூடாகியது. எங்கள் ஆட்களுக்குள் ஒரு வீட்டில் கைநனைக்காமல் விடுவதற்கு என்னென்ன அர்த்தம் உண்டு என்று பதினொரு வயதிலேயே எனக்குத் தெரியும். பெரியவர்கள் அதை உரக்கச் சொல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒருவரும் நினைக்காத அவமானத்தை நான் இரண்டு வீட்டுக்கும் உண்டாக்கியிருந்தேன், அதுவும் பற்றிசுக்காக. திரையில் கமக்காரர் வேலியருகே வந்து, பட்டினிக்காரர் முகத்தைப் பார்த்து, மறுபடியும் எறிந்தார். நான் கோடரியை எடுத்துப் புனலை உடைத்தேன். கூண்டையும் வேலியையும் உடைத்தேன். அடுத்த கிழங்கு பட்டினிக்காரரின் காலடியில் விழுந்தது, அவர் எடுத்துக்கொண்டார்.

தேத்தண்ணியோடு வந்த ரொமிலா பார்த்துவிட்டு, “இப்பதான் நீ நல்ல பிள்ளை” என்றாள். அந்தத் தேத்தண்ணியை என்னால் குடிக்க முடியவில்லை. விளையாட்டில் நாலு அடியில் திருத்திவிட்டேன். நிஜத்தில் இரண்டு மாடி இறங்கி அம்மாவிடம் ஒரு வசனம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அடுத்த வருடம் அவர்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். புறப்படும் நாள் அன்ரி எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் கையில் எங்கள் கிண்ணம், தேய்த்துத் தேய்த்துப் புதிது போல மின்னியது. “அக்கா, இவ்வளவு நாள் வெச்சிட்டேன், மன்னிச்சுக்கங்க” என்று இரண்டு கையாலும் நீட்டினார். அம்மா வாங்கிய விதத்திலேயே அதில் பாரம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. “சந்தோசமாப் போட்டு வாங்கோ” என்றார் அம்மா. உள்ளே வந்து இருங்கோ என்று சொல்லவில்லை. அன்ரி என் தலையைத் தடவிவிட்டுப் போனார். கதவைச் சாத்திய பிறகு அம்மா மூடியைத் திறந்து காட்டினார்.

“பாத்தியே? போற நாளிலகூட வெறுமையாத்தான் தந்திட்டுப் போறா.”

அம்மாவின் மனம் நோகக் கூடாது என்பதற்காகத்தான் அன்ரி அதை வெறுமையாகக் கொண்டுவந்தார் என்று எனக்கு மட்டும் தெரியும். “ஓம் அம்மா” என்றேன்.

பன்னிரண்டு வருடங்களாகிவிட்டன. அன்ரி அங்கேயே காலமான செய்தியை இரண்டு வருடங்களுக்கு முன்பு ரொமிலாவின் முகநூலில் பார்த்து அம்மாவிடம் சொன்னபோது, “நல்ல மனுசி. என்னோடதான் ஏனோ ஒட்டேல்ல” என்றார்; அப்போதும் வாயைத் திறக்கவில்லை நான். அந்தக் கொம்பியூட்டரோடு மூக்கர்களின் ஊரும் போய்விட்டது. எங்கள் கட்டடத்தை இடித்து உயரமாக ஒன்று கட்டப் போகிறார்களாம். இரண்டாம் மாடி ஜன்னலை ஏற்கெனவே கழற்றிவிட்டார்கள். போன கிழமை சாமான் கட்டும்போது மேல்தட்டிலிருந்து நீல மூடிப் பெட்டி வந்தது. “வெறுமையாத் திருப்பிக் குடுக்க எனக்கு மனம் வரேல்ல, நிரப்பிக் குடுக்கவும் மனம் வரேல்ல” என்றார் அம்மா, அதைத் துடைத்தபடி.

அப்போதுதான் சொன்னேன். முதல் பற்றிஸ் முதல் கடைசிக் கிண்ணம் வரை, ஒன்றையும் மறைக்காமல். அம்மா துடைப்பதை நிறுத்தவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்கெண்டு வேறாச் செய்தவாவோ?” என்று கேட்டார்.

“ஓம். புதுச்சட்டி, புது எண்ணெய். உங்களிட்டச் சொல்லச் சொன்னவா.”

பெட்டியைப் புரட்டி அடியையும் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல், “ருசியா இருந்ததோ?” என்றார்.

“நல்ல ருசி அம்மா” என்றேன். ஸ்டெல்லா அன்ரி கொடுத்துவிட்டதில் நான் அம்மாவிடம் சேர்த்தது அவ்வளவுதான்.